பிசிக்ஸ் வகுப்பில் வாயடைத்துப்போன என் மகள்

போன ஓகஸ்ட் லீவிலை என்ரை மகள் ஜெனிற்றா சாப்பாட்டை விட்டவள். கதையையும் விட்டவள்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலை வட்டுக்கோட்டையிலை இருக்கிறம். என்ரை மனுசன் செத்த பிறகு நானும் அவளும்தான். கம்பஸுக்குப் போக எழுதிற ஏ.எல். சோதனைக்குப் பிசிக்ஸ்தான் அவளுக்குப் பாரம். அதாலை, கொழும்பிலை இருந்து ஒரு சேர் நடத்திற ஒன்லைன் வகுப்பிலை லீவுக்குச் சேர்த்துவிட்டன். நூற்றுக்கணக்கான பிள்ளையள். ஒருநாள் சேர் இவளின்ரை பேரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். இவளுக்கு வாய் வரேல்லை. "ஜெனிற்றா, இருக்கிறீரா?" எண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். ஆரோ ஒரு பிள்ளை வகுப்புச் சாட்டிலை சிரிக்கிற முகப் படம் போட்டுதாம். பிறகு வரிசையா எல்லாரும் போட்டாங்களாம். போனை நிப்பாட்டிப்போட்டுப் படுத்தவள்தான்.

நான் கெஞ்சினன், ஏசினன். ஒண்டுக்கும் அசையேல்லை. ஒரு பின்னேரம் பார்த்தால், கிணத்துக்கட்டிலை இருந்து உள்ளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய்க் கையைப் பிடிச்சன்.

"என்னாலை ஏலாதம்மா" எண்டாள்.

அவளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அந்த நிலத்திலேயே முழங்காலிலை நிண்டன். அதுவரைக்கும் "கர்த்தாவே, என்ரை பிள்ளை பாஸ் பண்ணவேணும்" எண்டுதான் நான் செபிச்சனான். அண்டைக்கு அந்தச் செபம் வரேல்லை. "ஆண்டவரே, சோதனை போகட்டும். எனக்கு என்ரை பிள்ளையைத் தாரும்" எண்டு அழுதன்.

அடுத்தநாள் காலமை வாசல் படலையிலை சைக்கிள் மணிச் சத்தம். நெத்தியிலை விபூதியோடை ஒரு பிள்ளை, வேர்த்து வழிய நிக்குது.

"அன்ரி, ஜெனிற்றா நிக்கிறாவோ? நான் கௌசிகா. அளவெட்டியிலை இருந்து வாறன். வலைப்பந்து மட்சிலை பழக்கம். போன் எடுத்துப் பார்த்தன், வேலை செய்யேல்லை."

"அவள் ஒருத்தரோடையும் கதைக்கிறாள் இல்லை, பிள்ளை."

"தெரியும் அன்ரி. நானும் அந்த வகுப்பிலைதான். அண்டைக்குக் கேட்ட கேள்விக்கு எனக்கும் மறுமொழி தெரியாது. அடுத்தது என்ரை பேரோ எண்டு நடுங்கிக்கொண்டிருந்தனான்."

அறைக்குள்ளை போய் அதையேதான் அவளிட்டையும் சொல்லிச்சுது. பிறகு என்ரை மகள் விம்மி அழுறது கேட்டுது. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டுக் கோப்பையிலை சோறு சாப்பிட்டாங்கள். நான் குசினிக்குள்ளை அடுப்படியிலை நிண்டு அழுதழுது தோத்திரம் சொன்னன்.

மிச்ச வகுப்புகளை ஒரே போனிலை இரண்டு பேருமாப் பார்த்தாங்கள். ஒருநாள் "தெரியாது சேர், இன்னொருக்காச் சொல்லித் தாங்கோ" எண்டு ஜெனிற்றா சத்தமாச் சொன்னதை நான் என்ரை காதாலை கேட்டன்.

எல்லாம் சுகமாப் போச்சு எண்டு பொய் சொல்லமாட்டன். ஆஸ்பத்திரியிலை மனநல டொக்டரிட்டையும் கூட்டிக்கொண்டு போறன். இப்பவும் சில நாளையிலை அவள் படுக்கையை விட்டு எழும்பமாட்டாள். சோதனை எழுதிப்போட்டாள், பெறுபேறு இன்னும் வரேல்லை. எனக்கும் பயம் முழுக்கப் போகேல்லை.

ஆனால் என்ரை செபம் மாறிப்போச்சு. கர்த்தர் என்ரை பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்தவர். அதுக்கு அவர் அனுப்பினது எங்கடை சபைப் பிள்ளையை இல்லை, அளவெட்டிக் கோயிலடிச் சைவப் பிள்ளையை. உங்கடை வீட்டிலையும் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தால், கர்த்தரிட்டைப் பெறுபேற்றைக் கேட்க முதல் பிள்ளையைத் தரச்சொல்லிக் கேளுங்கோ. எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.