மருந்து காயாத கோஸ்

எங்கள் மலையூரான திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் முதலாளி ஒருவருக்குத் திடீரென்று உலகத்தின் மீது இரக்கம் வந்தது. அந்தக் கண்றாவியைச் சொல்கிறேன். சிங்கப்பூருக்குப் போக வேண்டிய அவருடைய முட்டைக்கோஸை, உருண்டை சிறுத்துவிட்டது என்று வாங்குகிறவன் வேண்டாம் என்றுவிட்டான். முன்பெல்லாம் இப்படி மிஞ்சியதை ஆற்றங்கரையில் கொட்டிவிட்டுப் போய்விடுவார். இப்போது கொட்டினால் யாராவது படம் பிடித்துப் பரப்பிவிடுகிறார்கள். அதனால் மனுஷனுக்கு ஞானம் பிறந்தது.

நான் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஒரே ஒரு கறவை மாடு வைத்திருக்கிறேன். அந்த முதலாளியின் பேரனுக்குப் பாக்கெட் பால் ஒத்துக்கொள்ளாதாம். தினமும் டிரைவர் வந்து என்னிடம்தான் பால் வாங்கிப் போவான். அன்றைக்கு முதலாளியே வந்துவிட்டார்.

"உலகத்துல எவ்ளோ சாப்பாடு வீணாப் போவுது தெரியுமாம்மா? என் கோஸை உன் மாட்டுக்குப் போடு, புண்ணியம் லா!"

"பூச்சி மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு முதலாளி?"

"அட, மாட்டுக்குத்தானே! அதெல்லாம் பார்த்துக்கிட்டா இருப்பாங்க?"

இப்படிப் பேசுகிறவர் தன் வீட்டுச் சமையலுக்கு மட்டும் கொல்லையில் தனிப் பாத்தி போட்டிருக்கிறார். அதில் ஒரு சொட்டு மருந்து விழாது. திரிங்காப் முழுக்க இது தெரியும். வேண்டாம், கொண்டுவராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

மறுநாள் நான் மலையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய லோரி வந்து கொட்டகை வாசலில் கோஸைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. கொட்டுவதைப் போனில் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாராம். கீழே 'உணவை வீணாக்காதீர்' என்று எழுத்து, பக்கத்தில் கைகூப்பின பொம்மை வேறு. தூ!

வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், மாடு நிற்க முடியாமல் நடுங்குகிறது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகுகிறது. காலடியில் பாதி மென்ற கோஸ். உடனே போன் போட்டேன். ரிங்லெட் ஊரிலிருந்து மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார்.

"பொழைச்சிரும்மா. ஆனா நான் சொல்ற வரைக்கும் பாலைக் கறந்து கீழ ஊத்திடு. யாருக்கும் கொடுத்துடாதே," என்றார்.

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? மாட்டுத் தீவனம் என்று சோளமும் சோயாவும் எங்கோ விளைந்து, கப்பலேறி இந்த மலைக்கு வருகின்றன. இங்கேயே விளைந்ததில் விஷத்தை அடித்து, விற்காமல் போனதும் மாட்டு வயிற்றில் தள்ளிவிட்டு, எதையும் வீணாக்கவில்லை என்று மார் தட்டுகிறார்கள். என் மாட்டு வயிறு என்ன, இவர்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியா?

அடுத்த நாள் காலையில் கறந்த பாலை மண்ணில் ஊற்றினேன். பால் வாங்க வந்த டிரைவரை வெறும் தூக்குச்சட்டியோடு திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் போன்.

"என்னம்மா, பேரன் அழுவுறான். ஒரு டம்ளராச்சும் கொடுத்து விடக் கூடாதா?"

"உங்க கோஸைத் தின்ன மாடு முதலாளி. பாலை யாருக்கும் கொடுக்காதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேணும்னா கறந்து தரேன், பேரனுக்குக் கொடுக்கிறீங்களா?"

"நேத்துக் காலையில கொடுத்தியே... அந்தப் பாலை அவன் குடிச்சிட்டாம்மா," என்றார். குரலில் இருந்த அதிகாரமெல்லாம் போயிருந்தது.

அது லோரி வருவதற்கு முன்னால் கறந்த பால். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் மூச்சு வாங்குவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் சொன்னேன்.