லீவுக்குப் போகாத தோசைக்கல்

துபாயில் அல் குசைஸில் நாங்கள் குடியிருந்த காலத்தில், காலையில் எனக்குக் கண்ணுக்கு முன்னே மூக்குதான் விழிக்கும். பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டு அம்மா வார்ப்பிரும்புக் கல்லில் தேய்க்கிற வாசம் அது. அடுப்படி ஜன்னலில் மணல் நிறத்தில் வெளிச்சம், அதில் மெல்ல ஏறும் புகை. அப்பா டேரா கடைத்தெருவிலிருந்து ஒட்டாத புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்தார். அதில் தோசை வெளுத்துப்போய் வந்தது. “காச்சக்காரன் மூஞ்சி மாதிரில்லா இருக்கு,” என்று அம்மா சட்டியை அலமாரியில் ஏற்றிவிட்டாள். கல்லில்தான் ஓரம் பொன்னாகச் சிவந்து, தோசை தானாக எழுந்து வரும். முதல் தோசை முருகனுக்கு. அப்புறம்தான் எங்களுக்கு.

லீவுக்கு ஊர் போகும்போது மட்டும் அம்மாவுக்குக் கவலை. பூட்டின வீட்டில், அந்தக் கடல் புழுக்கத்தில், கல் துருப்பிடித்துவிடும். அதனால் அது எதிர்வீட்டுச் சித்தியிடம் போகும். சித்தி யாழ்ப்பாணத்துக்காரர், ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட், தனி ஆள். அம்மாவை அக்கா என்பார், அதனால் எனக்குச் சித்தி.

“நீங்க ஊருக்குப் போகலையா சித்தி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நான் போனா உங்கட கல்லில ஆர் தோசை சுடுறது?” என்று சிரித்தார்.

அதை அப்படியே நம்பினேன். எங்கள் கல்லால் ஒரு மனுஷி ஊருக்குப் போகாமல் கிடக்கிறாரே என்று பாரமாக இருந்தது. அடுத்த லீவுக்குக் கிளம்பும்போது, கல்லைப் பாவாடையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

பெட்டியைத் தூக்கிய அப்பா, “ஏட்டி, என்னத்த வச்சிருக்க? பிளேன் எந்திரிக்காதுட்டி!” என்று கத்தினார்.

கல்லை வாங்க வந்த சித்தியும் வாசலில் நின்றார். “கல்ல நாம கொண்டுபோனா சித்தி ஊருக்குப் போகலாம்லா?” என்றேன்.

சித்தி குனிந்து பெட்டியைத் திறந்து, பாவாடையைப் பிரித்துக் கல்லை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வெள்ளைச் சேலையில் கரி பட்டதைப் பார்க்கவேயில்லை.

“இதையும் கொண்டுபோனா, காலமை எழும்பி நான் என்ன பிள்ளை செய்யிறது?”

அம்மா நல்லெண்ணெய்ப் போத்தலையும் அவர் கையில் கொடுத்தாள். “மொத தோச முருகனுக்கு. ரெண்டாவது நீ திங்கணும், கேட்டியா?”

யாழ்ப்பாணத்தில் சித்தியின் வீடு தீயோடு போனதும், அங்கே அவருக்கென்று யாரும் மிஞ்சாததும் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிளேனில் மேகத்தைப் பார்த்துக்கொண்டே வேண்டினேன்: முருகா, அந்தக் கல் துருப்பிடித்துப் போகட்டும், சித்தி ஊருக்குப் போகட்டும்.

லீவு முடிந்து வந்தோம். கல் கண்ணாடியாகப் பளபளத்தது. அம்மா அதை முகர்ந்து பார்த்துச் சித்தியின் கன்னத்தைத் தடவினாள். இருவரும் சிரித்தார்கள். முதல் தோசையைப் படத்தின் முன்னே வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வைத்தேன். கும்பிடவில்லை. அன்று முழுக்க முருகனோடு நான் பேசவேயில்லை.