முத்திரை இல்லாத கொம்பு

டோர்வல் விமான நிலையத்தில் பெரிய சாமான்களை ஏற்றும் இடத்தில், சுட்ட கிடாயின் கொம்போடு இரண்டு வேட்டைக்காரர்கள், அங்கே வேலை செய்யும் மன்னார்க்காரர் யேசுதாசன், பின்னால் வரிசையில் நான். மேற்கு மலையில் காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்குக் காட்டுச் செம்மறியைக் காட்டிக்கொடுத்த வழிகாட்டி இல்லை. கொம்பைச் சோதித்து முத்திரை அடிக்க வேண்டிய அதிகாரியும் இல்லை.

யேசுதாசன் கொம்பின் வளையங்களை விரல் வைத்து எண்ணுகிறார். ஆண்டுக்கு ஒரு வளையம். ஐந்துதான் இருக்கிறது. எட்டு வயதாகாத கிடாயை அந்த மலையில் சுடக் கூடாது.

“முத்திரையும் இல்லை. மூண்டு தரம் அடிச்சிட்டன், அதிகாரியள் போன் எடுக்கினமில்லை.”

“அப்ப விடப் போறீங்களா, அண்ணே?”

“நிப்பாட்ட நான் ஆர், தம்பி? வழிகாட்டி வளந்த கிடாய் எண்டால் அது வளந்த கிடாய்தான். அவனுக்கு வாற கிழமையும் ஆக்கள் வருகினம்.”

எங்கள் ஊரில் சுள்ளி பொறுக்கிய அப்பாவை வனக்காவலர்கள் இரண்டு நாள் அடைத்து வைத்தார்கள். இங்கே கொம்பின் நுனி உடையாமல் துணி சுற்றிக் கொடுக்கிறார்கள். பெட்டி பெரிதாக இருப்பதற்கு மட்டும் கட்டணம் கேட்கிறார்கள்: எழுபத்தைந்து டாலர்.