வந்து சேர்ந்த தேதி

அப்பா நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுவதற்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் எங்கள் அலுவலகத்துக்கு அந்தக் கேள்வித்தாள் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஆளுக்கு நான்கு தாள் கொடுத்தார். ஒவ்வொரு வரியிலும் இரண்டு வாக்கியங்கள். நமக்குப் பொருந்துவதற்கு நேரே கோடு போட வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் எல்லா விவரமும் கையில் வேண்டும் என்பவரா, போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்பவரா? மனம் சொல்வதைக் கேட்பவரா, தாளில் இருப்பதைக் கேட்பவரா? இப்படிப் போயிற்று. இதில் சரி தவறு எதுவும் இல்லை, அவரவர் இயல்புதான் என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

எனக்கு எதிர் மேசையில் இருந்த தட்டச்சுக்காரி கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள். பாதிக் கேள்விகளை அவள் படிக்கவே இல்லை. நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, பென்சிலால் முதலில் போட்டுப் பார்த்து, பிறகு பேனாவால் போட்டேன்.

"ஏய், இது பரீட்சை இல்ல லா," என்றாள், எதற்கும் 'லா' போடும் எங்கள் ஊர் வழக்கப்படி.

"தெரியும்."

"தெரிஞ்சுமா பென்சில்? பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்லப் போனாக்கூட நீ கார்பன் வச்சு ரெண்டு காப்பி எடுப்பேடி."

அவள் கத்தோலிக்கப் பெண். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவாள், அங்கேயும் பூசை தொடங்கிய பிறகுதான் நுழைவாள். பதினொரு வருடமாக நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். வேலையில் எங்களைப் போல மாறுபட்ட இருவரை நான் பார்த்ததில்லை. எங்களுடையது ரேஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகம். சரக்குப் பட்டியல் கப்பலோடு போக வேண்டும். எடைச்சீட்டு ஒன்று வராவிட்டாலும் நான் பட்டியலை அனுப்ப மாட்டேன். அவள் அனுப்பிவிடுவாள். அவளிடம் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது, 'பின்னர் திருத்தப்படும்' என்று. அதைக் குத்தி அனுப்பிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பத்தில் ஒன்பது முறை எவரும் திருத்தம் கேட்டதே இல்லை. அந்தப் பத்தாவது முறைக்காக நான் அவளைக் குறைவாக நினைத்தேன். என் பட்டியலில் தவறு வந்ததில்லை என்பதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா பெருவிரல் வைப்பவள். அப்பா தன் பெயரை மட்டும் வரைவார், எழுதுவார் என்று சொல்ல முடியாது.

ஐம்பத்தேழாம் ஆண்டின் கடைசி மாதங்களில் குடியுரிமைக்குப் பதிவு செய்யச் சொன்னார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு அது. தேக்காவில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். இத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன் என்று சத்தியம் செய்து சொன்னால் போதும், கூடத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் நல்லது. தெருவே திரண்டு போய்க்கொண்டிருந்தது.

நான் மனுத்தாளை முன்னதாகவே வாங்கி வந்து அப்பாவை உட்காரவைத்து நிரப்பத் தொடங்கினேன். நாலாவதோ ஐந்தாவதோ கட்டத்தில் கேட்டிருந்தார்கள்: இந்நாட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த தேதி.

"எப்பப்பா வந்தீங்க?"

"ஜப்பான்காரன் வர்றதுக்கு மூணு வருசம் முன்ன. தீவுல எறக்கி, மருந்துத் தண்ணியில குளிக்க வச்சு, ஒரு வாரம் கழிச்சுத்தான் உள்ள விட்டான்."

"தேதி?"

"மழ பேஞ்சுது தாயி. அது நெனப்பிருக்கு."

"மழைய எழுத முடியாதுப்பா."

"அப்ப ஏதாச்சும் ஒண்ணப் போடேன். எவன் பாத்தான்?"

நான் பேனாவை மூடிவிட்டேன். கீழே, மேலே சொன்னவை யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே அப்பா பெயரை வரைய வேண்டும். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதி, படிக்கத் தெரியாத மனிதரை அதன் கீழே கையெழுத்துப் போடவைக்க எனக்குக் கை வரவில்லை.

அதோடு எனக்கு ஒரு யோசனை இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கப்பலின் பயணிகள் பட்டியலும் ஆண்டு வாரியாகக் கட்டி அலமாரியில் இருந்தது. தூசி தட்டி அடுக்குவதே என் வேலைதான். ஆகவே நாகப்பட்டினத்தில் அப்பா ஏறிய கப்பல் கம்பெனியிலும் இருக்கும், எழுதிக் கேட்டால் தேதியோடு நகல் வரும் என்று நம்பினேன். அலுவலகத் தாளில் நாசூக்கான ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். எழுதி முடித்தபோது பெருமையாக இருந்தது. பதில் வரட்டும், எல்லாம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"குடுத்துரு லா," என்றாள் எதிர் மேசைக்காரி. "கொறை இருந்தா அவங்க கூப்பிடுவாங்க. கூப்பிட்டா போய்க்கலாம்."

"தேதி இல்லாம எப்படிக் குடுக்கறது?"

"சாமியே வந்து வரம் குடுத்தாலும், முத்திரை எங்கன்னு கேக்கற ஆளு நீ."

அம்மா ஒரு காலையில் பக்கத்து அறை அக்காவோடு சந்தைக்குப் போனவள், வாளை மீனோடும் பதிவுச் சீட்டோடும் திரும்பி வந்தாள். தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தேன் என்று சொன்னாளாம். எந்தத் தீபாவளி என்று கேட்டார்களாம். எனக்குக் கல்யாணமான வருசத்துத் தீபாவளி என்றாளாம். எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு ஒரு தேதியைப் போட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாராம்.

"பொய் சொல்லிருக்கீங்கம்மா."

"எது பொய்? நான் வரலியா? வந்துதானே உன்னயப் பெத்தேன்?"

அம்மா மீனை ஆய்ந்தபடியே அப்பாவைப் பார்த்து, "நீங்களும் போயிட்டு வந்துருங்க. இன்னிக்குக் கூட்டம் கம்மி," என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "படிச்ச புள்ள சொல்லுது. இருக்கட்டும்."

அவர் எதையும் மனத்துக்குப் பட்டபடி சட்டென்று செய்பவர். கிடங்கில் பாரம் தூக்கும்போது எந்தக் கட்டை வழுக்கும் என்று தொடாமலே சொல்வாராம். அந்த ஒரு காரியத்தில் மட்டும் தன் இயல்பை ஒதுக்கிவைத்து என் இயல்புக்கு இடம் கொடுத்தார். நான் படித்தவள் என்பதுதான் காரணம்.

பதிவு நாட்கள் முடிந்தன. கடிதத்துக்குப் பதில் எட்டு மாதம் கழித்து வந்தது. போருக்கு முந்திய பட்டியல்கள் ஒரு மழைக்காலத்தில் நனைந்து, அப்புறப்படுத்தப்பட்டன என்று இரண்டே வரி. எட்டு மாதமும் நான் காத்திருந்தது இல்லாத தாளுக்கு.

அதற்குப் பிறகும் மனுக் கொடுக்க வழி இருந்தது. ஆனால் மண்டபத்தில் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு இப்போது இல்லை. ஆதாரம் கேட்டார்கள், விதிகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகின. ஒரு மனு திரும்பி வந்தது. இன்னொன்றுக்குப் பதிலே இல்லை. தனி நாடான பிறகு அடையாள அட்டைகள் மாறின. அம்மாவுக்குக் குடிமக்களின் நீல அட்டை, அப்பாவுக்குக் குடியுரிமை இல்லாதவர்களின் இளஞ்சிவப்பு. இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தோம். அம்மா கடைக்குப் போகும்போது டப்பாவைத் திறந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு மூடுவாள்.

அப்பா பாசிர் பாஞ்சாங் பக்கம் வெள்ளைக்காரப் படையின் கிடங்கில் வேலை செய்தார். படை வெளியேறப் போகிறது என்று அறிவித்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஆள்குறைப்பில் அவர் பெயர் வந்தது. வேறு இடங்களில் கேட்டுப் போனார். முதலில் அட்டையைக் கேட்டார்கள். நிறத்தைப் பார்த்துவிட்டு, வேலை அனுமதி வாங்கி வா என்றார்கள். அனுமதி கேட்கப் போன இடத்தில், வேலை கொடுப்பவரின் கடிதத்தோடு வா என்றார்கள். நான்கு மாதம் அவர் இரண்டுக்கும் நடுவே நடந்தார். நானும் கூடப் போனேன், எல்லாத் தாளும் வரிசையாக அடுக்கிய கோப்போடு. அந்தக் கோப்பைப் பார்த்து ஒரு குமாஸ்தா, "வெரி நீட்," என்றார்.

என் சம்பளத்தில் மூவரும் இருக்கலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. மகள் சோற்றில் உட்கார்ந்திருக்க முடியாது, ஊரில் தம்பி நிலத்தில் ஏதாவது செய்கிறேன் என்றார். அம்மா உன்னோடு இருக்கட்டும், கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக விட முடியாது என்றார். இந்த முடிவை அவர் எடுத்தது காப்பி ஆறுவதற்குள்.

கேள்வித்தாள்களைப் படித்துப் பார்த்த வெள்ளைக்காரர் போகும் முன் என்னைத் தனியே கூப்பிட்டார். எல்லாவற்றையும் சரிபார்க்காமல் அடுத்த அடி வைக்காதவர்கள் ஒரு நிறுவனத்துக்குக் கிடைப்பது அரிது என்றார். சரிபார்க்கும் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அதே வாரம்தான் அப்பாவுக்குச் சீட்டு எடுத்தோம். நான் பதவியை மறுக்கவில்லை. எதிர் மேசைக்காரி கைகுலுக்கினாள், வழக்கமான கிண்டல் எதுவும் செய்யவில்லை. அது எனக்குக் கிண்டலைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவளிடம் ஒரு நாள் கேட்டேன்: "அன்னைக்கு நீயா இருந்தா தேதி போட்டிருப்பே, இல்லையா?"

"போட்டிருப்பேன். ஆனா இன்னும் எத்தனையோ எடத்துல தப்பாவும் போட்டிருப்பேன்டி," என்றாள். பிறகு, "நீ அப்படித்தான். நான் இப்படித்தான்," என்று சொல்லித் தட்டச்சுப் பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். இயல்பு அதுதான் என்றால் இனியும் அப்படித்தான் செய்வேன் என்று ஆகிறது. அதில் எனக்கு என்ன ஆறுதல்?

கப்பலேறுகிறவர் ஒரு தாள் நிரப்ப வேண்டும். கிளம்பும் நாள் காலையில், கட்டிய பெட்டியின் மேல் வைத்து அதை நிரப்பினேன். பெயர், வயது, தொழில். அடுத்த கட்டம்: இந்நாட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த தேதி.

அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதைப் பார்த்து, "என்ன தாயி, எதுனா கொறையுதா?" என்றார்.

"இல்லப்பா."

ஒரு தேதி எழுதினேன். நாள், மாதம், வருடம். மழை பெய்திருக்கக்கூடிய மாதமாகப் பார்த்துப் போட்டேன். மை காய்வதற்குள் எழுதி முடிந்துவிட்டது.

துறைமுகத்தில் வரிசை நீளமாக இருந்தது. எல்லாரும் அப்பா வயதுக்காரர்கள், பலருக்குப் புதுப் பெட்டி. அம்மா கம்பிக்கு வெளியே நின்றுகொண்டாள். அலுவலக அனுமதிச் சீட்டு இருந்ததால் நான் மேசை வரைக்கும் கூடப் போனேன். அதிகாரி கையை நீட்டினார். அப்பா தாளை மடிப்பு நீக்கி, தலைகீழாக இல்லையே என்று என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"எல்லாம் சரியா இருக்கும் சார்," என்றார். "எம்பொண்ணு எழுதுனது."

அதிகாரி தாளைப் பார்க்காமலே முத்திரையைக் குத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.