நஷ்டத்தில் பங்கு கேட்டவர்

காத்திவாக்கத்துத் திருமலையை விவரம் கெட்ட மனுஷன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர் செய்த காரியம் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது.

பிறந்ததிலிருந்து அவருக்குக் கடல்தான். முகத்துவாரத்தில் மண் மேடிட்டு மீன்பாடு குறைந்து, அண்ணன் தம்பிகள் சேர்ந்து படகை விற்ற பிறகு, திருவொற்றியூரில் கன்டெய்னர் பழுது பார்க்கும் யார்டில் வெல்டராகச் சேர்ந்தார். ஓட்டை விழுந்த பெட்டிக்குத் தகடு வைத்து ஒட்டுப் போடுகிற வேலை. முதலாளி தவ்ஃபீக், தகப்பனாருக்குப் பிறகு யார்டைப் பார்த்துக்கொள்கிற இளவட்டம், தங்கமான பிள்ளை. எங்கேயோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவர், டீ குடிக்கிற இடத்தில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். மாத வரவு, தகடு, வாடகை, கரண்ட், சம்பளம், மிச்சம் எல்லாவற்றையும் அதில் எழுதினார். கம்பெனிக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தால் எல்லோருக்கும் அக்கறை வரும் என்றார்.

மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார்கள். திருமலைக்கு மட்டும் உடம்பு சிலிர்த்துப்போனது. படகில் அப்படித்தான். மீன் என்ன விலைக்குப் போனது, டீசலும் ஐஸும் எவ்வளவு தின்றன என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். கணக்கைக் காட்டினால் நீயும் பங்காளி என்று அர்த்தம். அன்றிலிருந்து அவர் வெல்டிங் ராடைத் துண்டுகூட வீணாக்காமல் எரித்தார். யாரும் சொல்லாமலே பங்காளி ஆகிவிட்டார்.

மழை மாதத்தில் பெட்டி வரத்து படுத்துவிட்டது. பலகையில் சிவப்பு மையில் நஷ்டம் விழுந்தது. சம்பள நாளன்று எல்லோரும் ஆபீசுக்குப் போக, திருமலை போகவில்லை. மீன்பாடு இல்லாத நாளில் படகுக்காரரிடம் கை நீட்டுகிற வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

வீட்டில் மனைவி புஷ்பவல்லி இதை ஒத்துக்கொள்ளவில்லை. மகள் வினிதாவின் நர்சிங் கல்லூரிக்கு அந்த வாரமே பணம் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"அது படகு இல்லய்யா, கம்பெனி" என்று மட்டும் சொல்லிவிட்டு, காதில் கிடந்த கம்மலை அடகுக்குக் கழற்றி வைத்தாள். அதைப் பார்த்தார். ஆனாலும் போய்க் கேட்கவில்லை.

மறுநாள் தவ்ஃபீக்கே கூப்பிட்டு, சம்பளம் ஏன் வாங்கவில்லை என்று விசாரித்தார்.

"போர்டுல நஷ்டம்னு எழுதிக்கிறியே பாய். அதுல என் பங்கு வோணாவா?"

தவ்ஃபீக்குக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "நஷ்டம் என் பேஜாருண்ணே. அது உங்க தலையில விடியாது. சம்பளம் எப்பவும் உண்டு."

அன்பாகத்தான் சொன்னார். திருமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"அப்போ லாபம் வந்தாலும் உன்னுதுதானா பாய்?"

சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தவ்ஃபீக் பணத்தை இன்னொரு தடவை எண்ணி அவர் கையில் கொடுத்தார்.

பணம் கட்டியாயிற்று, வினிதாவும் பரீட்சை எழுதினாள். தை பிறந்ததும் பெட்டிகள் வந்து குவிந்து, பலகையில் நல்ல லாபம் ஏறியது. தவ்ஃபீக் எல்லோருக்கும் சமோசா வரவழைத்தார். திருமலை சந்தோஷமாகத்தான் இருந்தார், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் போல. தவ்ஃபீக் கிட்டே வந்து, கணக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பார்த்தேன் பாய். உனுக்கு நல்லா வந்துகீது."

நமக்கு என்று அவர் சொல்லவில்லை.