இருநூறு கிலோ குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மற்ற வீட்டார் சினிமாவுக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் எடை போட்டுக்கொள்ளப் போவோம். பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் சீட்டு துப்புமே, அந்த மெஷினில் ஆளுக்கொரு தடவை ஏறி இறங்குவதைச் சொல்லவில்லை. லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில், குடும்பத்தோடு, மொத்தமாக ஏறி நிற்போம்.

அப்பாவுக்குப் பல்லடம் ரோட்டில் ஒரு எடை மேடையில் வேலை. நூல் மூட்டை ஏற்றிய லாரி, சாயப்பட்டறைக்கு விறகு கொண்டுபோகும் லாரி, கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் சுமந்து வரும் லாரி என்று வாரமெல்லாம் வரிசை கட்டும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒரு வண்டியும் வராது. மேடை சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற பொருளைப் பார்த்தால் அப்பாவுக்குப் பொறுக்காது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தம்பியான என் சித்தப்பா அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கல்யாணமாகாதவர், எங்களோடுதான் இருந்தார். அவருடைய வண்டியில் முன்னால் நான், பின்னால் அம்மா என்று போய் இறங்குவோம். அதற்குள் அப்பா மேடையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருப்பார்.

செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அப்பா அறைக்குள் போய்ப் பூஜ்யத்தை அழுத்திவிட்டு வந்து எங்களோடு சேர்ந்துகொள்வார். நடு மேடையில் நாலு பேரும் நெருங்கி நிற்போம். பகல் வெயிலைக் குடித்த இரும்புத் தகடு உள்ளங்காலுக்கு இதமாகச் சுடும். எதிர்ச்சுவரில் டிரைவர்கள் பார்ப்பதற்காக வைத்திருந்த பெரிய பலகையில் சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, ஓரிடத்தில் நிற்கும். அந்தத் தராசு பத்துப் பத்தாகத்தான் காட்டும். பத்துக் கிலோவுக்குக் கீழே உள்ளதை அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. தனியாக ஏறினால் நான் இருபது. மற்ற மூவரோடு சேர்ந்து நின்றால் நூற்றுத் தொண்ணூறு. நூற்றுத் தொண்ணூறு கிலோவுக்கு நானும் ஒரு பங்குதாரி என்பது சின்ன விஷயமா?

எண் நின்றதும் அப்பா, லாரிக்காரர்களிடம் கேட்கும் அதே குரலில் கேட்பார். "மேல எத்தன ஆளுங்க?"

இது அவருடைய தொழில் கேள்வி. சரக்கோடு எடை போடும்போது வண்டியில் உட்கார்ந்திருந்த கிளீனர், காலி வண்டியை எடை போடும்போது டீ குடிக்கப் போய்விட்டால் கணக்கு மாறிவிடும். அதனால் எந்த வண்டி வந்தாலும் அப்பா ஆளைக் கேட்காமல் விடமாட்டார். எங்களையும் விடவில்லை.

"நாலு பேருங்க" என்பார் அம்மா, பழுத்த டிரைவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"சரிங்க, எறக்கிக்கலாம்."

அவ்வளவுதான். இறங்கி, எதிர்க்கடையில் பஜ்ஜி தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இதில் என்ன சந்தோஷம் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. ஆனால் வேறெங்கே கூட்டிப்போகிறேன் என்றாலும் அன்றைக்கு நான் வண்டியில் ஏறியிருக்க மாட்டேன்.

எங்கள் பெரியம்மாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. பெரியப்பா சொந்தமாகக் கம்பெனி வைத்திருந்தார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் கோயம்புத்தூர் போய் ஏசி ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள். பொங்கலூரில் ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியே கேட்கும்படி பெரியம்மா அம்மாவிடம் சொன்னார். "ஏனம்மிணி, வாரா வாரம் லாரித் தராசுல ஏறறீங்களாமா? ஏறி என்ன பண்ண, அதே எடைதான காட்டும்? ஊட்டுல ஒரு ஆளு கூடுனாத்தான எடை கூடும்."

பந்தி சிரித்தது. அம்மாவும் சிரித்தார். பிறகு கை கழுவப் போன இடத்தில் முகத்தையும் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். கண் சிவந்திருந்தது. அம்மா அழுததற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் நூற்றுத் தொண்ணூறைப் பெரியம்மா கேவலப்படுத்திவிட்டார்.

ஆள் கூட வேண்டுமென்றால் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும். அது என் கையில் இல்லை. ஜாதகம் பார்க்கிறவர்கள் கையிலேயே அது இரண்டு வருஷமாகச் சிக்கிக் கிடந்தது. ஆகவே ஆள் கூடாமலே எடையைக் கூட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். இருநூறு. பெரியம்மாவின் வாயை அடைக்க அது போதும். சித்தப்பாவிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து நான் தின்ற தீனிக்கு அளவில்லை. சத்துணவில் இரண்டாம் முறை முட்டை கேட்டேன். வீட்டில் கேழ்வரகுக் களியை, அதுவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றவள், கேட்டு வாங்கித் தின்றேன். பாடுபடுவது நான் ஒருத்தி மட்டும்தான் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அம்மா இரண்டு வாரமாகச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதியில் எழுந்து போய்விடுவார். நான் இவ்வளவு உழைக்கிற நேரத்தில் இவர் இப்படிச் செய்கிறாரே என்று கோபமாக வந்தது.

வாரங்கள் போயின. பலகை நூற்றுத் தொண்ணூறிலிருந்து அசையவில்லை. அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் அப்பா சோறு தின்றுகொண்டே சொன்னார்: முதலாளி மேடையைக் கம்ப்யூட்டரோடு இணைக்கப் போகிறார், கேமராவும் வைக்கப் போகிறார். இனி எந்த எடை போட்டாலும் அவர் வீட்டிலிருந்தே பார்த்துவிடுவார். வருகிற ஞாயிறுதான் கடைசி.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு எடை ஞாபகம் வந்து, இறக்கினேன்.

அந்த ஞாயிறு ஆடிக் காற்று பேய்த்தனமாக அடித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம் பக்கம் ஆளையே தள்ளும். போகும் வழியில் வாழைப்பழம் வாங்கித் தரச் சொல்லி வரிசையாக விழுங்கினேன். "அம்மிணி, நெஞ்சடச்சுக்கும்" என்றார் சித்தப்பா. அவர் முகத்தில் ஒரு திருட்டுக் களை இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

மேடையில் ஏறப் போகும்போது ஒரு கார் வந்து நின்றது. பெரியப்பாவும் பெரியம்மாவும். புதுவீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு அழைக்க எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பூட்டியிருக்கவும், பக்கத்து வீட்டில் விசாரித்து இங்கேயே வந்துவிட்டார்கள். பெரியம்மா பட்டுப்புடவை படபடக்கக் காரிலிருந்து இறங்கி, நாங்கள் நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதைப் பார்த்தார்.

"அடச் சாமி, நெசந்தானா" என்றார். "நாங்க பாத்துக்கறோம். நீங்க ஏறுங்க, ஏறுங்க."

அம்மா பின்வாங்கினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். சிவப்பு எண்கள் ஓடின. நூற்று எண்பது, நூற்றுத் தொண்ணூறு, இருநூறு. இருநூறில் நின்றுவிட்டது. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அப்படி ஒரு பார்வையை அதற்குப் பிறகு நான் யாரையும் பார்த்ததில்லை.

ஆனால் அப்பா பலகையைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், மடியில என்னடா?"

சித்தப்பா லுங்கி மடிப்பிலிருந்து பழைய தையல் மெஷினின் இரும்புப் புல்லிச் சக்கரங்கள் இரண்டை எடுத்து மேடைக்கு வெளியே வைத்தார். பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மிணி ஆசைப்பட்டுச்சுங்கண்ணா" என்றார் சித்தப்பா.

அப்பாவுக்கு எடையில் பொய் ஆகாது. விறகு லாரிக்காரர்கள் என்னென்ன ஜாலமோ செய்வார்கள். ஒருத்தரையும் அவர் விட்டதில்லை. இறங்கச் சொன்னார். மறுபடி பூஜ்யத்தை அழுத்தப் போனார். நான் அவர் பின்னாலேயே ஓடினேன். "அப்பா, தண்ணி குடிச்சா அதுவும் பொய்யாங்கப்பா?"

அப்பா யோசித்தார். தீர்ப்புச் சொல்கிற விஷயத்தில் அவர் அவசரப்படமாட்டார். "மடியில இருக்கறது கணக்குல சேராது கண்ணு. வயித்துல இருக்கறது சேரும். குடிச்சுக்கோ."

அறையில் இருந்த சொம்பை நிறைத்து முழுவதையும் குடித்தேன். இன்னொரு சொம்பு குடித்தேன். சித்தப்பாவும் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு குடத்தில் பாதியைக் காலி செய்தார். நடந்தால் வயிற்றுக்குள் தளும்புகிறது. மெல்ல நடந்து போய் நடுவில் நின்றோம். அப்பாவும் வந்து நின்றார்.

பலகை நூற்றுத் தொண்ணூறு காட்டியது. காற்று ஒரு தள்ளு தள்ளியது, இருநூறு. மீண்டும் நூற்றுத் தொண்ணூறு. பெரியப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். இருநூறு, நூற்றுத் தொண்ணூறு என்று அது எங்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். காற்றுக்கும் எடை உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார். முருகா, பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன், என்னுடையது இல்லை, சித்தப்பாவுடையது என்று வேண்டிக்கொண்டேன்.

காற்று நின்றது. ரோட்டோர வேப்பமரம் அசையவில்லை. பலகையில் இருநூறு. அது மாறவே இல்லை.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் தண்ணீர் வந்துவிடும் என்று பயந்து நின்றேன். சித்தப்பா இரண்டு கையையும் தூக்கினார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியம்மாவுக்கும் கேட்கட்டும் என்று வழக்கத்தைவிட உரக்கக் கேட்டார்.

"மேல எத்தன ஆளுங்க?"

அம்மா பலகையைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, டிரைவர் முகம் எதையும் வைத்துக்கொள்ளாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"அஞ்சு பேருங்க."

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. சித்தப்பாவின் கை தூக்கியபடியே நின்றது. பெரியம்மா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பட்டுப்புடவையோடு மேடையில் ஏறி ஓடிவந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எத்தன நாளாச்சு சாமி? சொல்லவே இல்லையே" என்றார். "அன்னிக்கு நான் என்னென்னமோ பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத கண்ணு."

அம்மா, "அதெல்லாம் இல்லீங்கக்கா" என்றார். இந்தத் தடவை முகம் கழுவப் போகாமல், எல்லோர் எதிரிலும் அழுதார்.

பலகை இருநூற்று எழுபதுக்குப் போயிருந்தது. எங்கள் இருநூறை ஒரு நிமிஷம்கூட முழுசாகப் பார்க்கவிடாமல் பெரியம்மா ஏறிக் கலைத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். ஆனாலும் தோற்றவர் வந்து மன்னிப்புக் கேட்கும்போது எடையைப் பற்றிப் பேசுவது பெருந்தன்மையாகாது என்று பொறுத்துக்கொண்டேன். அம்மாவை எங்கள் வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்லி, பெரியம்மா தன் காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். இருநூறு கிலோவுக்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்தேன்.

பங்குனியில் தம்பி பிறந்தான். இப்போது காலேஜ் படிக்கிறான். எனக்கு அடுத்து இரண்டு முறை அம்மாவுக்குக் கரு நிலைக்காமல் போயிருக்கிறது; அந்தப் பயத்தில்தான் இந்த முறை அப்பாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாராம். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. பலகையை இருநூறில் நிறுத்தியது தான்தான் என்று தம்பி இன்றைக்கும் வாதாடுகிறான். அன்று அவன் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுகூட இருந்திருக்க மாட்டான். என் வாழைப்பழத்தையும் இரண்டு சொம்புத் தண்ணீரையும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு குழப்பம்தான். கார் போன பிறகு மேடையில் நின்று, நாங்கள் நின்ற இடத்தைப் பார்த்து எண்ணிப் பார்த்தேன். அப்பா, அம்மா, சித்தப்பா, நான். இன்னொரு முறை எண்ணினேன். நாலுதான் வந்தது. அம்மா நாளெல்லாம் கம்பெனியில் பீஸ் எண்ணுகிறவர். ஒரு பனியன் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கே கணக்குத் தப்பிவிட்டது. அப்பாவும் அதைக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயித்த நாளில் எதற்கு அம்மாவைத் திருத்த வேண்டும் என்று நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.