முழங்காலும் வயிறும் தனித்தனி இலாகா

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் பணியாளர் அதிகாரி. நீண்ட நாள் நோய் விடுப்பில் இருப்பவர்களை மருத்துவக் குழுவுக்கு அனுப்புவேன். தகுதியில்லை என்று அவர்கள் சொன்னால் ஆளை வீட்டுக்கு அனுப்புவேன். விதிகளை எழுதியவனும் நான்தான். அவற்றில் ஓட்டை இல்லை என்று நினைத்திருந்தபோது என் வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது.

கூடவே வயிற்றுப்போக்கு, சில நாள் ரத்தத்தோடு. அதை நோயாகவே யாரும் எண்ணவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிறு ஒழுங்காக இருந்தால்தான் சந்தேகம் வரும். முழங்காலுக்கும் காரணம் தயாராக இருந்தது: தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளின் ஈரத்தரை. நான் உட்கார்ந்திருந்தது மாடியில், மின்விசிறிக்குக் கீழே. அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

தொட்டிப் பகுதி மேஸ்திரி சமாதானம் சொன்னார்.

"இன்னா சார், இதுக்குப் போய் பேஜார் ஆவுறீங்க? வீட்ல பாயா வெக்கச் சொல்றேன். ஆட்டுக்கால் உள்ள போனா உங்க கால் தானா நிக்கும்."

"வயிறு?"

"இந்த ஊர்ல யாருக்கு சார் வயிறு நல்லா இருக்கு? அத விடுங்க."

விட்டேன். எலும்பு டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார், வயிறு இன்னும் கெட்டது. வயிற்று டாக்டர் அதற்கு வேறு மாத்திரை கொடுத்தார். ஒருவர் கொடுத்ததை மற்றவரிடம் நான் சொல்லவில்லை. ஒரு இலாகாவின் விவகாரத்தை இன்னொன்றில் பேசுவது முறையல்ல. விடுப்பு தீர்ந்ததும் மருத்துவக் குழுவுக்கு என் பெயரை நானே அனுப்பினேன். வேறு யாருக்கும் அந்த அதிகாரம் கிடையாது.

குழு கூடுவதற்குள் மனைவி என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர், காலைத் தொடுமுன்பே கேட்டார்.

"மோஷன் எப்படிப் போகுது?"

"அது வேற டாக்டர்மா. நான் கால் வலிக்கு வந்திருக்கேன்."

"ரெண்டும் ஒரே ஆளோடதுதானே சார்?"

"செக்‌ஷன் மாத்திப் பேசினா இவருக்குப் பிடிக்காதுங்க" என்றாள் மனைவி.

பரிசோதனையில் குடல் முழுக்கப் புண் என்று தெரிந்தது.

"எதிர்ப்புச் சக்தி கம்மியா?" என்றேன்.

"ஜாஸ்தி சார். சோறு, கிருமி, எல்லாம் குடலுக்கு வெளியாள்தான். எல்லாரையும் அடிக்காதேன்னு அந்தச் சக்தியைத் தடுக்கிற ஏற்பாடு உடம்புலயே இருக்கு. உங்களுக்கு அது சரியா வேலை செய்யல. குடல்ல ஆரம்பிச்ச சண்டை மூட்டுக்கும் வந்திருக்கு."

"ஏன் மூட்டுக்கு?"

"அது எங்களுக்கும் முழுசாத் தெரியாது."

இத்தனை வருட உத்தியோகத்தில் தெரியாது என்று சொன்ன அதிகாரியை அன்றுதான் பார்த்தேன். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, வயிற்றுக்கும் காலுக்கும் சேர்த்து ஒரே மஞ்சள் மாத்திரையை எழுதினார். அதன் நிறம் இறங்கி, சிறுநீர் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைச் சாறு மாதிரிப் போனது. குழு கூடுவது வழக்கம்போலத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் ரத்தம் நின்றது, வீக்கமும் வடிந்தது.

ஒருவழியாகக் குழு கூடியது. உட்கார்ந்து எழச் சொன்னார்கள். மேசையைப் பிடிக்காமல் எழுந்தேன். தலைவர் பேனாவைத் திறந்தார். வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் தலைவர். "நீங்க சொன்னா அப்புறம் நான் யோசிக்கணும்."

தகுதி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.